ஆறு பக்கப் பெட்டி கடைத்தெருவைச் சுற்றிய காலை

ஸ்டேஷனரிக் கடையில் கையை விரித்து ஓர் ஏலக்காயைக் காட்டி, "இந்தப் பச்சையில கெட்டி அட்டை வேணும்" என்று கேட்டேன். கடைக்காரர் காயை எடுத்து முதலில் மோந்து பார்த்தார். போடியில் அப்படித்தான். ஏலக்காயைக் கண்டால் எதற்குக் கொண்டு வந்தாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், எந்தத் தோட்டத்துக் காய் என்றுதான் கேட்பார்கள்.

"காய் அருமையான காய்தான். ஆனா அட்டையில இந்தப் பச்சை வராதுத்தா. கிளிப்பச்சை இருக்கு, பாசிப்பச்சை இருக்கு."

கிளிப்பச்சை கண்ணைக் குத்தியது. பாசிப்பச்சை அழுது வடிந்தது. நான் விடவில்லை. அடுக்கு முழுவதையும் இறக்கச் சொல்லி, ஒவ்வொரு அட்டையாக வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பக்கத்தில் காயை வைத்துப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அடுக்கின் அடியில் கிட்டத்தட்ட அந்தப் பச்சையில் அட்டைகள் கிடைத்தன. இருந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டேன்.

"ஸ்கூல் ப்ராஜெக்டா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை என்பதும் கல்யாணமே ஆகவில்லை என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் அண்ணனுடைய ஏலக்காய்க் கடையில் கணக்கும் போனும் பார்க்கிறவள். அப்போது வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கல்யாணப் பேச்சை வீட்டில் எல்லோரும் ஓய்ந்துபோய் விட்டுவிட்டார்கள். வந்த வரன்களை நான் விரட்டிய விதம் அப்படி. கடைசியாக வந்தவர், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று அண்ணனிடம் கேட்டார். பதிலை நான் சொன்னேன். அவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

ஆனால் ஒருவர் இருந்தார். எங்கள் கடைத்தெருவின் மறு கோடியில், பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற இடத்தில், காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்கி விற்கிற கடை அவருடையது. வேதக்காரக் குடும்பம், சர்ச்சுக்குப் போகிறவர்கள்; நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். மலையிலிருந்து இறங்குகிற ஜீப்புகளில் அவர் லோடும் எங்கள் லோடும் சேர்ந்தே வரும் என்பதால் தினமும் காலையில் போன் செய்வார். மேலே மழையா, போடிமெட்டில் பனி விலகிவிட்டதா, ஜீப்பு கிளம்பியாச்சா, இவ்வளவுதான் கேட்க வேண்டியது. அது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்குமேல் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். மழை இல்லாத மாதங்களில் ஏன் மழை இல்லை என்று பேசுவோம். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாமல் இருந்தது.

ஒருமுறை மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டிகள் எல்லாம் கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டன. எனக்குப் பின்னால் நின்ற ஜீப்பில் அவர். நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினேன். "மதி, மதி" என்றார். எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளத் தோட்டக்காரர்களோடு பேசிப் பேசி அவர் வாயில் போதும் என்ற சொல்லே வராது. மரத்தை அறுக்கிறவர்கள் மெதுவாக அறுக்க வேண்டும் என்று நான் அன்றைக்கு சாமியைக் கும்பிட்டேன். பாதி டீக்குள் அறுத்து முடித்துவிட்டார்கள்.

அட்டை வாங்கிய அந்த வாரம், திங்கட்கிழமை மழைப் பேச்சு முடிந்ததும் அவர் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமை நான் ஊர்ல இல்லங்க. திண்டுக்கல்ல ஒரு பொண்ணு பாத்துட்டு வருவோம்னு அக்கா ஒத்தக் கால்ல நிக்குது."

மழை வரும் போலிருக்கு என்று சொல்கிற அதே குரல்.

"நல்லதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்லதாம்! என்னை நானே அறைந்துகொள்ளலாமா என்று இருந்தது.

அந்த மனிதருக்கு யாரையும் மறுக்கத் தெரியாது. ஈரக் காப்பிக்கொட்டையைக் கொண்டுவந்து தலையில் கட்டினால்கூட முகம் கோணாமல் வாங்கிவைப்பார். திண்டுக்கல்லுக்குப் போனால் சரி என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். அப்புறம் ஆயுசு முழுக்க நான் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம், அதுவும் வருகிறவள் பேச விட்டால். ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் சொல்லியாக வேண்டும்.

போனில் எழுதி அனுப்பலாம். ஆனால் ஜீப்பு வந்தாச்சா என்று கேட்ட இடத்துக்குக் கீழேயே இதையும் எழுதுவதா? நேரில் சொல்லலாம். ஊரில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை, இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அது பூட்டிக்கொண்டது. கையால் ஏதாவது செய்து கொடுத்தால் என்ன என்று தோன்றியது. ஃபேன்சி கடையில் விற்கிற பெட்டிகளில் எல்லாம் சிவப்பு இதயமாக ஒட்டி வைத்திருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வாங்குகிறவை. அதை அவர் கையில் கொடுப்பதற்கு வைகையில் குதிக்கலாம், அதிலும் தண்ணீர் இல்லை. நானே பெட்டி செய்வது என்று முடிவு செய்தேன். எனக்குக் கோபம் வந்தால் வேலை நன்றாக நடக்கும்.

போனில் ஒரு வீடியோ கிடைத்தது. ஒரு பெண் வளையல் குலுங்க ஐந்து நிமிஷத்தில் ஆறு பக்கப் பெட்டி ஒன்றைச் செய்துவிட்டுச் சிரிக்கிறாள். எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. வட்டம் வரைய காம்பஸ் இல்லாததால், கடையிலிருந்து காய் சலிக்கிற சின்னச் சல்லடையைக் கொண்டுவந்து அட்டைமேல் கவிழ்த்து, ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். வட்டத்தின் பாதி அகலத்தை அளந்து அதையே சுற்றிலும் வைத்துக்கொண்டு வந்தால் சரியாக ஆறு புள்ளி விழுகிறது. ஆறாவது புள்ளி முதல் புள்ளியில் வந்து உட்கார்ந்தபோது நான் தனியாகக் கை தட்டினேன்.

முதல் அட்டையை அப்படியே மடக்கினேன். மடிப்பில் பச்சைத் தோல் வெடித்து உள்ளே இருந்த வெள்ளை பல்லைக் காட்டியது. வீடியோவைத் திரும்பப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, மடிக்கிற கோட்டில் முதலில் எதையாவது வைத்து அழுத்தி ஒரு பள்ளம் இழுக்க வேண்டுமாம். சாக்கு தைக்கிற கோணி ஊசியின் காதுப் பக்கத்தை வைத்து இழுத்தேன். அட்டை சொன்ன பேச்சு கேட்டு மடிந்தது. ஆறு சுவர்களையும் நிறுத்தி, அடியில் பசை தடவி, துணி காயப்போடுகிற கிளிப்புகளை வரிசையாக மாட்டினேன். மொட்டை மாடியில் துணிகள் காற்றில் பறந்துகொண்டிருப்பதாக மதினி கீழே வந்து கத்தினார்.

மூடி இன்னொரு கூத்து. பெட்டிக்கு எடுத்த அதே அளவில் மூடியும் செய்துவிட்டேன். மூடி பெட்டியின் தலையில் உட்கார்ந்தது, கீழே இறங்க மாட்டேன் என்றது. அமுக்கினேன், கிழிந்தது. கட்டிலுக்கு அடியில் வீசி எறிந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நானே குனிந்து எடுத்து, எங்கே தப்பு என்று பார்த்தேன். மயிரிழை அளவு பெரிதாக எடுத்தால் போதும். இரண்டாவது மூடி பெட்டியின் மேல் இறங்கும்போது உள்ளே இருந்த காற்று மெதுவாக 'புஸ்' என்று வெளியேறியது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஒரு பத்து முறையாவது திறந்து மூடியிருப்பேன்.

மூடியின் மேல் ஏலப்பூ. செடியின் காலடியில், மண்ணை ஒட்டிப் பூக்கிற பூ. வெள்ளை இதழ், நடுவில் ஊதாக் கோடுகள். ஏலக்காயைத் தெரிந்த உலகத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பூவைத் தெரியாது, அவருக்குத் தெரியும். வெள்ளை அட்டையில் இதழ்களை வெட்டி, பேனாவில் கோடு இழுத்து, விளிம்பைக் கொஞ்சம் சுருட்டி ஒட்டினேன். முதல் பூ பல்லி மாதிரி இருந்தது. நான்காவதிலிருந்து பூ பூவாக வந்தது.

பெட்டியின் அடியில் ஒரு வெள்ளை அட்டை. அதில், இருப்பதிலேயே நல்ல கையெழுத்தில், "ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டாம். என்னைப் பாருங்கள்" என்று எழுதினேன். அதற்கு மேலே, நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிய காய், விரல் நுனி பருமன், ஒன்றில்கூட வெளுப்பு இல்லை. யோசித்துத்தான் அப்படி வைத்தேன். அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், காயை டப்பாவில் கொட்டும்போது எழுத்து தெரிய வேண்டும். அப்போது நான் தெருக்கோடி தூரத்தில் பத்திரமாக இருப்பேன்.

"இது என்னத்தா?" என்று அண்ணன் கேட்டதற்கு, "வெளியூர் பார்ட்டிக்குப் புது மாதிரி சாம்பிள் பெட்டி" என்று சொல்லி வைத்தேன். வியாபாரியிடம் வியாபாரத்தைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மூடியில் ஒரு பூ மட்டும் ஒட்டாமல் ஆடியது. பசை தடவி, ஃபேன் காற்று படுகிற இடமாகப் பார்த்து, கடை மேஜையின் இடது ஓரத்தில் பெட்டியை வைத்துவிட்டுத் தலைக்குக் குளிக்க மாடிக்குப் போனேன்.

எங்கள் தெருவில் எந்தக் கடையானாலும் மேஜையின் இடது ஓரம் சாம்பிளுக்கு. காலையில் அங்கே வைத்திருக்கிற பொட்டலங்களைத் தரகர் வந்து, யாரையும் கேட்காமல், எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கடை கடையாகப் போவார். வருஷக்கணக்காக நானே என் கையால் அந்த ஓரத்தில் பொட்டலம் வைத்திருக்கிறேன். அன்றைக்கும் கை பழக்கமாக அங்கேதான் போயிருக்கிறது.

தலையில் துண்டோடு கீழே வந்தேன். மேஜை காலியாக இருந்தது.

"அண்ணே, பெட்டி எங்க?"

"தரகரு எடுத்துட்டுப் போனாரு. புது சாம்பிள் பெட்டினு நாந்தான் சொன்னேன். மனுசனுக்கு வாயெல்லாம் பல்லு."

சாம்பிள் பார்க்கிற முறை அண்ணனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வியாபாரி பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், உள்ளங்கையில் உருட்டுவார், ஒன்றைக் கடிப்பார். அள்ளியது திரும்பப் பெட்டிக்குள் போகாது. ஒவ்வொரு கடையிலும் ஒரு பிடி குறையும். குறையக் குறைய அடி தெரியும்.

ஓடினேன். துண்டோடுதான் ஓடினேன்.

முதல் கடையில் தரகர் இல்லை. கடைக்காரர் காயை மென்றுகொண்டே, "இப்பத்தான் மொபெட்ல போறாரு. என்னத்தா, பெட்டி தாம்பாளத்துல வச்சுத் தூக்குற மாதிரி இருக்கு! தீவாளிக்கு எங்களுக்கும் செஞ்சு குடேன்" என்றார். எழுத்து தெரியவில்லை, சாமி காப்பாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த கடைக்குத் தாவினேன்.

அங்கேயும் தரகர் கிளம்பிவிட்டிருந்தார். "அடியில 'என்னைப் பாருங்கள்'னு எழுதிருக்கே" என்று கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏலக்கா தன்னையப் பாக்கச் சொல்லுதாக்கும்! நல்ல வெளம்பரம் போ. ஒங்கண்ணனுக்கு இம்புட்டு மூளை ஏது?"

"மூளை என்னோடது" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க ஓடினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கமில்லாமல் சொல்கிறேன், என்னைப் பார்த்து யாரோ பெட்டியைப் பாராட்டியதில் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன். கால் தரையில் படவில்லை.

மூன்றாவது கடை பெரிய கடை, உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். நான் நுழைந்ததும் அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே பேசினார். தெருவில் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறவர் ஒரே ஆள்தான் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம்.

"தரகருக்கு ஒண்ணும் புரியலத்தா. இது நமக்கு வந்த சாம்பிள் இல்ல, காப்பிக் கடைக்குப் போக வேண்டியதுனு நாந்தான் சொல்லி அனுப்பிச்சேன். தப்பா?"

பொறுக்குகிற பெண்களில் ஒருத்தி, "அக்கா, நின்னுக்கிட்டே இருந்தா எப்பூடி? வெரசா போங்க!" என்று கத்தினாள். மற்றவர்கள் முறத்தைத் தட்டினார்கள்.

வாசலில் இறங்கும்போது அண்ணனிடமிருந்து போன்.

"எங்க இருக்க?"

"சோலியா இருக்கேண்ணே."

"என்ன சோலி? தெருவே எனக்குப் போன் அடிக்குது. காப்பிக் கடைக்காரரா?"

"ஆமாண்ணே."

போனில் கடை ஃபேன் சத்தம் வந்தது.

"வேதக்காரங்க."

"அது தெரியாமயா பெட்டி செஞ்சேன்?"

"அவரு என்ன சொன்னாரு?"

"நான் இன்னும் அங்க போகவே இல்லண்ணே. தரகரு முந்திட்டாரு."

"அப்புறம் என்னத்துக்கு எங்கிட்டப் பேசிட்டு நிக்கிற? ஓடு!" என்றார் அண்ணன். என்னைவிட அவர் பதறினார். நடுத்தெருவில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

காப்பிக் கடையில் மேஜைக்கு இந்தப் பக்கம் தரகர், அந்தப் பக்கம் அவர். நடுவில் என் பச்சைப் பெட்டி, மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஓரத்தில் ஒன்றிரண்டு காய்தான் மிச்சம். எழுத்து முழுசாகத் தெரிந்தது. அவர் அதைப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு வரியை எவ்வளவு நேரம் ஒரு மனிதர் படிக்க முடியும்? நான் வாசற்படியில் நின்றது தெரிந்தும் தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"காய் எப்புடி?" என்று தரகர் ஆரம்பித்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. "பெட்டியப் பாத்தீகளா? இனிமே சாம்பிள் எல்லாம் இப்புடித்தான் வருமாம்."

காப்பிக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "இந்தச் சாம்பிள வேற கடைக்குக் கொண்டு போக வேணாம். நானே முடிச்சுக்கிறேன்."

எனக்கு வந்ததே கோபம். மூன்று சாயங்காலம், ஒரு கட்டு அட்டை, வீட்டுத் துணி கிளிப்பு எல்லாம், தெரு முழுக்கத் துண்டோடு ஓட்டம், எல்லாம் இதற்கா?

"முடிச்சுக்கிறதுக்கு நான் என்ன மொளகு மூட்டையா? எழுதிக் கேட்டிருக்கேன். ஆமா இல்ல, ரெண்டுல ஒண்ணு வாயத் தெறந்து சொல்லுங்க. இல்லன்னா பெட்டியக் குடுங்க, நான் போறேன்."

தரகர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு மெல்ல ஓரமாகப் போய் நின்றார். வெளியே போகவில்லை. வாசலில் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்துக் கடையில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள்.

காப்பிக் கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நம்பரை அழுத்தினார். யாரையும் மறுக்கத் தெரியாத மனிதர் இப்போது யாரை மறுக்கப் போகிறார்?

"அக்கா, ஞாயித்துக்கிழமை திண்டுக்கல்லுக்கு நான் வரலக்கா" என்றார். குரல் லேசாக ஆடியது, ஆனால் நிற்கவில்லை. "ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. அவங்ககிட்ட நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்கிறேன்... இல்லக்கா, பொண்ணு பாத்தாச்சு."

அந்தப் பக்கத்துச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

"இப்பத்தான். எங்கயும் போகல, கடையிலதான். அதுவே வந்துருச்சு." அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஜீப்பு, லோடு, பனி என்று எதுவும் நடுவில் இல்லாமல் நேராகப் பார்த்தார். "இந்தா, எதுக்க நிக்குது. தலையில துண்டு கட்டியிருக்கு. ரொம்பக் கோவமா இருக்கு."

அக்கா ஏதோ கேட்டார். பெண் பார்த்துவிட்டு வந்தால் எந்த வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்க வேண்டும்.

"எனக்குப் பிடிச்சிருக்குக்கா" என்றார். "அதுக்கு என்னையப் பிடிச்சிருக்கான்னு நீ கேக்கவே வேணாம். எழுதியே குடுத்திருச்சு."